செவ்வாய்க்கிழமைக் கத்தி

இன்று காலை மாடிப்படி இறங்கும்போது ஈர நாய்முடியின் வாசம் வந்தது. என் மகன் குடியிருக்கும் இந்த அடுக்குவீட்டின் கீழ்த்தளத்துப் பெண், ஒரு சின்ன நாயை வாசலில் உட்கார வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். தரையைக் கூட்டும் அளவுக்கு நீள முடி. குளிப்பாட்டிவிட்டு, சிக்கைப் பிடித்து அடியிலிருந்து இழுக்கிறாள். நாய் வீல் வீலென்று கத்துகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நுனியிலேர்ந்து ஆரம்பிம்மா. சிக்கு எடுத்துட்டு அப்பறம்தான் குளிப்பாட்டணும். நனைஞ்சா இறுகிப் போயிடும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா, நீங்க நாய் வளத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். அது உண்மைதான். நான் ஒரு நாயும் வளர்த்ததில்லை. அந்தக் காலத்தில் நம் ஊரில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னோடு படித்த நீ நாய்க்குச் சீவுவதை உளவு பார்த்தவன் நான். சும்மா வேடிக்கை பார்த்திருந்தால் எப்போதோ மறந்திருக்கும். குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அதனால் உன் கையின் ஒவ்வொரு அசைவும் இன்னும் கண்ணில் இருக்கிறது. திரும்ப மேலே ஏறி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நம் ஊரில், உன் அப்பாவுக்குப் பிறகு முடிவெட்டும் வேலை உனக்கு வந்தது. எங்கள் வீட்டு நெல்வயல் எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாம். வளர்ந்த பிறகு, நாலு பேர் இருக்கும் இடத்தில் என்னைப் பார்த்தால் "வாங்கய்யா" என்பாய். எங்கள் கிணற்றடியில் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது "இன்னாடா, இவ்ளோ நேரம்?" என்பாய். இந்த ஏற்பாட்டை நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லாததால், உனக்கும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் யாரும் யாரையும் நேராகப் பார்க்காத காலம் அது. இந்தியாவோடு சேரவேண்டும் என்று கத்தியவன் யார், வேண்டாம் என்று அடியாளோடு சுற்றியவன் யார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் சொல்தா ஊர் திரும்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வருகிறவரை நம் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர் வியட்நாமின் சைகோனில் பதினெட்டு வருஷம் இருந்தவர். அங்கே கல்யாணம் செய்துகொண்ட பெண்ணையும் அழைத்து வந்தார். சைகோனம்மா என்று ஊர் அவளுக்குப் பேர் வைத்தது. சின்ன உருவம், பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தை, எப்போதும் வெளுத்த வேட்டித் துணியில் தைத்த நீளச் சட்டை. அவளோடு இரண்டு நாய்களும் கூண்டில் வந்து இறங்கின.

அன்றைக்குத் தெருவே திரண்டு நின்றது. ஒரு நாய்க்கு வெள்ளைப் பட்டு நூல்போல் தரை வரைக்கும் முடி. இன்னொன்றுக்கு உச்சந்தலையிலும் காலடியிலும் வால் நுனியிலும் மட்டும் ஒரு கொத்து. உடம்பெல்லாம் வெறும் தோல், சாம்பலும் இளஞ்சிவப்புமாக. இரண்டும் ஒரே வயிற்றில் ஒரே ஈற்றில் பிறந்தவை என்று சொல்தா சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

"சொறி நாய இன்னாத்துக்குக் கப்பல்ல ஏத்திகினு வந்தான்?" என்றார் டீக்கடைக்காரர்.

சொல்தாவின் வீட்டுப் பின்கட்டும் எங்கள் மாட்டுக் கொட்டகையும் ஒரே வேலியால் பிரிந்தவை. அதனால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

சவரம் செய்ய வரச்சொல்லி சொல்தா உனக்கு ஆள் அனுப்பினார். நீ திரும்பி வரும்போது கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாய். சிரிப்பா, கோபமா என்று தெரியாத முகம்.

"நாய்க்கு மூஞ்சி வழிக்கணுமாம்டா."

"நீ இன்னா சொன்ன?"

"மொதல்ல எழுந்து வந்துடலாம்னுதான் பாத்தேன். அந்தம்மா அத்த எடுத்து என் மடில வச்சிட்டாங்க. இன்னா சூடுடா அதுக்கு! காய்ச்சல் வந்த கொழந்த மாதிரி கொதிக்குது. அதோட ஒடம்பே அப்படித்தானாம். தோலு அவ்ளோ மெதுசு. இங்க ஒண்ணு அங்க ஒண்ணு முடி மொளச்சி குத்துது. அந்தம்மா வழிக்கப் போய் ரெண்டு எடத்துல வெட்டிட்டாங்க. பாக்க சகிக்கல."

"ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "தனிக் கத்தி. தனிச் சீப்பு. தனிக் கத்திரி. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பால போட்டு அவங்க வூட்லயே இருக்கும். என் பையில வராது. நாய்ங்களுக்கு செவ்வா, வெள்ளி. அன்னிக்கு எவனும் தலை காட்டமாட்டான், எனக்கும் வேல இல்ல. இதுல எவனுக்கு இன்னா நஷ்டம்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலியோரம் வைக்கோல் எடுக்கிற சாக்கில் நான் பார்ப்பேன். முடி நாய்க்குச் சடைச்சி என்றும், மற்றதற்கு மொட்டையன் என்றும் நீதான் பேர் வைத்தாய். சடைச்சியை மணையில் உட்கார வைத்து, விரலால் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு வகிடாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே போவாய். காதுக்குப் பின்னாலும் முன்காலின் இடுக்கிலும் சிக்கு இருக்கும் என்று இரண்டாவது வாரமே தெரிந்து வைத்திருந்தாய். சிக்கை ஒரு கையால் வேரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாய், இழுப்பு தோலுக்குப் போகாதபடி. பாதத்து விரலிடுக்கில் வளர்ந்த முடியைக் கத்திரிப்பாய். பயத்தமாவில் குளிப்பாட்டி, துணியால் ஒற்றி ஒற்றி, அடிமுடி காயும் வரைக்கும் நிழலில் காற்றுக்கு வைப்பாய். நெற்றி முடியைத் தூக்கி, கண்ணில் விழாமல் ஒரு நூலால் கட்டுவாய்.

மொட்டையனுக்கு வேலை வேறு மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பாய். முதுகில் கரும்புள்ளி கட்டியிருந்தால் நகத்தால் கிள்ளமாட்டாய்; சூடான துணியை வைத்து வைத்து எடுப்பாய். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கைகளில் தேய்த்து, அந்தப் பசையை மட்டும் தடவுவாய். சைகோனம்மா, "நிறைய வேண்டாம், நிறைய வேண்டாம்" என்பாள். எண்ணெய் மிஞ்சினால் மறுவாரம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். பிறகு முகத்தில் கத்தி. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு. வெயில் ஏறினால் அதற்கு ஒரு பருத்திச் சட்டை போட்டுவிடுவாள் அவள். நாய்க்குச் சட்டையா என்று தெருவில் சிரித்தார்கள். ஒரு நாள் சட்டையில்லாமல் வெளியே ஓடிப்போய், மறுநாள் முதுகெல்லாம் செக்கச் செவேலென்று தோல் உரிந்து கிடந்ததை நான் பார்த்தேன். நீ மோரில் துணி நனைத்து அதன் முதுகில் போட்டுக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தாய்.

இவ்வளவும் பார்த்தவன் நான். பார்த்த பிறகும்தான் சந்தேகப்பட்டேன்.

டீக்கடையில் பேச்சு வளர்ந்துகொண்டே இருந்தது. "செவ்வாக்கெழம நாய்க்கு, பொதன்கெழம நமக்கு" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் புதன்கிழமை உன் முன்னால் உட்கார்ந்து கழுத்தை நீட்டியபோது, கத்தி தோலில் பட்டதும் என் உடம்பு ஒரு கணம் சுருங்கியது. நீ கையை எடுத்துவிட்டு, "கூசுதா?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

அதற்குப் பத்து நாளில் என் பின்கழுத்தில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து, நடுவில் செதில். அரிப்பு தாங்கவில்லை. உன் கத்தி போகிற இடத்திலேயே, முடி முடிகிற வரிசையில். அடுத்த வாரம் ஊரில் இன்னும் மூன்று பேருக்கு வந்தது. ஒருவருக்குக் கழுத்தில், இரண்டு பேருக்குத் தோளிலும் கையிலும். படர்தாமரை என்று பெண்கள் சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது போல மொட்டையன் இருந்த வீட்டைப் பார்த்தார்கள். தோளுக்கும் கைக்கும் உன் கத்தி போவதில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் கழுத்தைக் காட்டினேன். நீ கிட்டே வந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய்.

"எப்ப வந்துச்சி?"

"அத்த விடு. அந்தக் கத்தி எங்க இருக்குது?"

உன் கை என் தோளிலிருந்து இறங்கியது. "எந்தக் கத்தி?"

"நாய்க் கத்தி."

நீ உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாய். திண்ணையில் ஒரு துண்டை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். இரண்டு கத்தி. சாணைத் தோல். கத்திரி. சீப்பு. படிகாரக் கட்டி. பித்தளைக் கிண்ணம். நகவெட்டி. எல்லாவற்றையும் வைத்துவிட்டு, காலிப் பையை என்னிடம் நீட்டினாய்.

"நல்லா பாத்துக்கோ."

நான் பார்த்தேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். பைக்குள் கையை விட்டு, தையலோரமெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு முடி வந்தது. ஒரு சாண் நீளம், வெள்ளை, பட்டு மாதிரி. அதை வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

உன் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேட்டில ஒட்டிகினு வந்திருக்கும்டா" என்றாய். "அது ஒடம்பெல்லாம் முடி. மடில வச்சி சீவறேன். வூட்ல சோத்துல கூட கெடக்குது."

அந்த முடியை விரலில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அப்படியே டீக்கடைக்குப் போனேன். அங்கே நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முடியை மேசைமேல் வைத்து, "அவன் பையில இருந்துச்சி" என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் பேசத் தேவையில்லாமல் போயிற்று.

அந்த வாரம் உன்னிடம் ஒருவரும் வரவில்லை. பக்கத்து ஊரில் முடிவெட்டும் ஆளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் சைக்கிளில் வந்து கோயில் அரசமரத்தடியில் உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் உன் வாசலுக்கு வந்து, நாய்களை விட்டுவிட்டால் பழையபடி எல்லாம் நடக்கும் என்றார்கள். வேலியோரம் நின்று நீ சொல்தாவிடம் இதைச் சொல்வதைக் கேட்டேன். அவர், "விட்டுடுப்பா, உன் பொழப்ப பாரு" என்றார். நீ மாட்டேன் என்றாய். "இப்ப விட்டா, ஆமா நான்தான் பரப்பினேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. செவ்வாக்கெழம வர்றேன்."

சைகோனம்மா என்ன புரிந்துகொண்டாளோ, மொட்டையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அதை வாசல் பக்கம் விடவில்லை. கல் எறிவார்கள் என்று பயம். எறிந்தும் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் என் தங்கை கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு ஏம்பலம் பக்கம், கரும்பு போடுகிறவர்கள். அந்தப் பரபரப்பில் எங்கள் கன்றுக்குட்டி தீனி எடுக்காமல் நின்றது. கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் பூசினமாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. தெளிந்துவிடும் என்று விட்டிருந்தேன். திங்கட்கிழமைகளில் பாகூருக்கு மாட்டு டாக்டர் வருவார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அப்படி ஒரு திங்கட்கிழமை, கன்றை ஓட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் கன்றைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சட்டைக் காலரை இறக்குங்க."

இறக்கினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். கன்னுக்குட்டிகிட்டேர்ந்து உங்களுக்கு வந்திருக்கு. கழுத்துல தூக்கிப் போட்டீங்களா?"

ஐப்பசி மழையில் கன்று வாய்க்காலில் விழுந்துவிட்டது. நான்தான் இறங்கி, கழுத்தில் போட்டுத் தூக்கினேன். கரையிலிருந்து மூன்று பேர் கைகொடுத்து, தோளில் தாங்கி ஏற்றினார்கள். அந்த மூன்று பேர்தான். வேறு ஒருவர்கூட இல்லை.

"எங்க ஊர்ல ஒரு நாய் இருக்குதுங்க" என்றேன். "முடியே இல்லாம. அதுலேர்ந்துன்னு..."

"சைகோன்காரங்க நாயா? சொல்தா போன மாசமே கூட்டிகிட்டு வந்து காமிச்சாரு. ரெண்டையும் தலையிலேர்ந்து வால் வரைக்கும் பாத்தேன். அவ்வளவு சுத்தமான தோல் இந்தப் பக்கத்துல மனுஷங்களுக்கே கிடையாது. யாரு பாத்துக்கறாங்க அதை?"

உன் பேரைச் சொன்னேனா? "ஒருத்தர் பாக்கறாரு" என்று மட்டும் சொன்னேன்.

கன்றுக்கும் எனக்கும் தடவ டிங்சர் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் கன்று முன்னால் நடந்தது. நான் பின்னால் நடந்தேன். ஊர் எல்லை வரும்போது முடிவு செய்துவிட்டேன். கல்யாணம் முடியட்டும். வியாதி எங்கள் கொட்டகையிலிருந்து கிளம்பியது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். பெண்ணுக்கும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஒன்பது நாள்தானே. கன்றைக் கொட்டகையின் உள்மூலையில் கட்டி, முன்னால் வைக்கோலை அடைத்தேன். டிங்சர் கறை தெரியாமலிருக்கத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று, புதன்கிழமை காலையில், நீ வந்தாய். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது ஊர் வழக்கப்படி உன் உரிமை. வெளுத்த வேட்டி கட்டி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தலின் ஓரத்தில் நின்றாய். உன்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விடமாட்டேன் என்று என்மேல் நம்பிக்கை வைத்து வந்திருக்கிறாய் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பக்கத்து ஊர் ஆள் ஏற்கெனவே மணைக்கு முன்னால் கிண்ணத்தைத் திறந்து வைத்திருந்தார்.

என் பெரியப்பா எழுந்து வந்தார். "உன்ன யாருப்பா வரச் சொன்னது? சம்பந்திங்க பாக்கறாங்க. போயிடு, சத்தம் வாணாம்."

நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். கூட்டத்தில் எனக்கும் உனக்கும் நடுவில் பத்தடி இருக்கும். நான் வாழைமரக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவன்போலக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீ தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை, விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு, உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கன்று, டாக்டர், வாய்க்கால், மூன்று பேர். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"டாக்டர்கிட்ட எப்ப போன?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் வியாழக்கெழம. அவரு திங்கக்கெழமதானே வருவாரு?"

"ஆமா... திங்கக்கெழமதான். மறந்துட்டேன்."

"இந்தத் திங்கக்கெழம உங்க வூட்ல பந்தக்கால் நட்டாங்க. மண்வெட்டிய நீதான் புடிச்சிருந்த. தெருவுலேர்ந்து பாத்தேன்." நீ விரலை மடக்கி எண்ணவில்லை, குரலை உயர்த்தவில்லை. "அப்ப, அதுக்கும் முந்தின திங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"அன்னிக்குப் பந்தல்ல உனக்குத் தெரியும்."

உள்ளே உன் மனைவி ஏதோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. நீ சொன்னாய்: "ஊருக்கு நீ சொல்றியா? இல்ல, வர்ற திங்கக்கெழம டாக்டர நானே கூட்டிகினு வந்து சொல்ல வைக்கட்டா?"

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். துண்டை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் திங்கட்கிழமை என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் தன் தோளைத் தடவிக்கொண்டே, "ஆமாய்யா, நாம நாலு பேர்தான் தூக்கினோம்" என்றார். டீக்கடைக்காரர், "இருந்தாலும் நாய்க்கு வழிக்கிறது வழிக்கிறதுதானே" என்றார். அவர் கடைசி வரைக்கும் உன்னிடம் வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்து ஊர் சைக்கிள் நின்றுபோயிற்று.

நானும் வந்தேன். நீ மாட்டேன் என்று சொல்லவில்லை. மணையைத் தட்டிப் போட்டு, துண்டைப் போர்த்தி, எப்போதும்போல் சுத்தமாக வெட்டினாய். அன்றைக்கு நம் இரண்டு பேரைத் தவிர அங்கே யாருமில்லை. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டி, "சரியா இருக்குதுங்களா?" என்றாய். அதற்கப்புறம் நீ உயிரோடிருந்தவரைக்கும் எனக்கு உன் வாயிலிருந்து ஒரு 'டா' வரவில்லை.

மொட்டையன் அதற்குப் பிறகு நாலு மார்கழி பார்த்தது. குளிரில் அதற்குக் கம்பளிச் சட்டை போட்டு, நீ அடுப்படியில் மடியில் வைத்திருப்பாயாம். உன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அது செத்தபோது சொல்தா வீட்டுக் கொல்லையிலேயே புதைத்தீர்கள். நான் வேலியோரம் நின்றேன். நீ மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாய், அந்தம்மாவிடம் ஏதோ சொல்லத் திரும்பிக்கொண்டாய்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவுக்குக் கைமாற்றியது காகிதத்திலும் முடிந்து, யார் இந்தியர் யார் பிரெஞ்சுக்காரர் என்று அவரவர் எழுதிக் கொடுக்கும் காலம் வந்தபோது, சொல்தா பிரான்ஸ் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். சடைச்சிக்கு வயசாகிவிட்டது, தாங்காது என்று உன்னிடம் விட்டுப் போனார்கள். நெற்றியில் நூல் கட்டின அந்த நாய் உன் வாசலில் படுத்திருக்கும். முடிவெட்ட வருகிறவர்கள் தாண்டிப் போவார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் அதைத் தாண்டும்போதெல்லாம் கால் தயங்கும்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போனதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நியாயம் என்று போனேனா? திங்கட்கிழமை நீ டாக்டரோடு வந்து நின்றால், தேதியும் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்து, ஒரு நாள் முந்திக்கொண்டேனா? வயசான காலத்தில் மனசு தனக்குச் சாதகமாகவே பதில் சொல்லும் என்று தெரியும். அதனால் அது சொல்வதை நான் நம்புவதில்லை.

நீ போன பிறகு காரியத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன் மகள் என்னை அடையாளம் கண்டு, நாற்காலி எடுத்துப் போட்டாள். எனக்கு அவளைச் சின்னக் குழந்தையாகத்தான் நினைவிருந்தது, தலை நரைத்திருந்தாள். காப்பி கொடுத்துவிட்டு, "அப்பா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாரு" என்றாள்.

என்ன சொல்லுவார் என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் நான் காப்பியைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஊர்க்காரர் ஒருவரிடம் அப்புறம் கேட்டு வாங்கிய அவள் போன் நம்பர் என் டைரியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து நாட்களைச் சொல்லியிருப்பாய் என்று சில நாள் தோன்றுகிறது. பந்தலைச் சொல்லியிருப்பாய் என்று மற்ற நாளெல்லாம். டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிடுவேன்.